தேடுவார்க்குக் கிடைக்கும் தமிழ்

நூல் இருத்தல் வேறு. நாடுவார்க்கு அது கிடைத்தல் வேறு. இவ்வுண்மையைக் கல்வெட்டியலும் கூறும். இன்றைய கணினியியலும் கூறும்.

நாம் வாழும் நீலசந்திராவுக்கு அண்மையிலுள்ள டொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள. அவை நெடுங்காலம் கண்முன் நின்றவையே. எனினும், பி. எல். ரைஸ் என்பார் ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் பெங்களூர் மாவட்டத் தொகுதியை 1905ஆம் ஆண்டு வெளியிட்டு, கல்வெட்டுகளுக்கு வட்டந்தோறும் எண்ணிட்டுத் தந்த பின்னரே, தொலைவிலுள்ள அறிஞரும் அவற்றை எளிதில் சுட்டி ஆராய இயன்றது. கல்லுக்கு நிலையானதொரு முகவரி கிடைத்தமையே இதன் காரணம்.

இனி, இணையத்தில் தமிழ் அடைந்த நிலையை நோக்குவோம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுருவில் வழங்கலாயிற்று. ஆயின் அக்காலத்தே இதழ்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எழுத்துருவைக் கையாண்டன. திரையில் தமிழாய்த் தோன்றியது, கணினியினுள் ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய குறிகளாகவே கிடந்தது. தேடுபொறி அதனைத் தமிழென உணர்வது எங்ஙனம்? யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது பரவலான வழக்கிற்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. தமிழ்நாடு அரசு அதனை 2010ஆம் ஆண்டில் தரமாக ஏற்றது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்த இடத்தும் மற்றொரு தடை நின்றது. பெரிய நூற்றொகுதிகளில் பக்கங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுவதில்லை. செய்திகள் தரவுத்தளத்தில் இருக்கும். படிப்பவர் ஒரு சொல்லை இட்டுக் கேட்கும்போதுதான் பக்கம் உருவாகி வரும். தேடுபொறியின் நிரலோ இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாய்ச் செல்வது. பொதுவாகப் பெட்டியில் சொல்லை இட்டுக் கேளாது. மேலும், அத்தகு பக்கங்களின் முகவரியில் வினாக்குறியும் எண்களும் நீண்டு தொடரும்; வருகைதோறும் மாறுவதும் உண்டு. ஒரே கோப்புக்கு நாள்தோறும் புதிய எண் இட்டால் பதிவறை எழுத்தர் திகைப்பது போலத் தேடுபொறியும் திகைக்கும். ஆதலால் தொடக்கத் தேடுபொறிகள் இத்தகு பக்கங்களைப் பெரிதும் ஒதுக்கின.

இதற்குத் தீர்வுகள் ஒவ்வொன்றாய் வந்தன. நீண்ட முகவரியைச் சுருக்கி, நிலையானதாய் மாற்றியமைக்கும் முறை பரவிற்று. தளத்திலுள்ள பக்கங்களைப் பட்டியலிட்டுத் தரும் ‘சைட்மேப்’ முறையைக் கூகுள் 2005இல் கொணர்ந்தது. 2006இல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதனை ஏற்றன. பல முகவரிகளில் வரும் ஒரே பக்கத்துக்கு எது தலைமை முகவரி எனக் குறிக்கும் முறை 2009இல் வந்தது.

இவற்றின் பயனை நம் மொழியிலேயே காணலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்கள் தரவுத்தளத்திலிருந்தே பிறப்பன; எனினும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் தமிழ்த் தலைப்பே முகவரியாய் அமைகின்றது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் தனிப் பக்கமும் வகுத்துள்ளது. எரிந்தவற்றுள் மீண்டும் கிடைக்கும் ஒரு நூல் பெயரிட்டுத் தேடுவார்க்கு அகப்படாதாயின், அதனைக் காத்த உழைப்பின் பயன் பாதியே ஆகும்.

பிறமொழிச் சூழலில் வாழும் நமக்கு இது பெரிதும் உரியது. நம் பிள்ளைகளுட் பலர் தமிழைப் பள்ளியில் பயிலும் வாய்ப்பற்றவர். ஐயம் எழுந்தால் அவர்கள் முதலில் நாடுவது தேடுபொறியையே. புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. அவற்றை இணையத்தில் ஏற்றுவோர், வெறும் படமாக ஏற்றாது யூனிகோடு எழுத்தாக ஏற்றுக. கட்டுரைதோறும் தனிப் பக்கம் அமைத்துத் தமிழில் தலைப்பிடுக. மாறாத முகவரி தருக. அனைத்துக்கும் இணைப்புக் காட்டும் பொருளடக்கமும் வைக்க. கல்வெட்டுக்கு எண்ணிட்டவர் செய்த பணிக்கு இது சற்றும் குறைந்ததன்று.