தூண் நிற்கும், மூட்டு நிற்குமா?



844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் பாலக்கோடு வழியாகப் போவதால், டீக்கடையில்கூட இப்போது பாலங்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சார், பாலத்துத் தூணையே வேற இடத்துல வார்த்து, லாரியில கொண்டாந்து நிறுத்துறாங்களாமே, பூமி ஆடினா நிக்குமா?"

நான் பொறியாளன் இல்லை. இடைநிலை ஆசிரியராக இருந்து சமூக அறிவியல் நடத்தியவன். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

முதலில், நம் பக்கம் பூமி ஆடுமா? தென்னிந்தியா பழைய பாறை, அசையாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிராவின் கொய்னாவில் வந்த நிலநடுக்கம் அந்த நம்பிக்கையை உடைத்தே விட்டது. 2002-இல் இந்தியாவின் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தில் சேலமும் நம் தருமபுரியும் அதே மூன்றாம் மண்டலத்தில்தான் இருந்தன. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் மறந்துவிடும் அளவுக்கும் இல்லை.

இனி தூணுக்கு வருவோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சட்டென்று வண்டியை எடுக்கிறார். கால் முன்னே போகிறது, உடம்பு பின்னே சாய்கிறது. அந்த நேரத்தில் முழு வேகமும் கணுக்காலில் விழுகிறது. பாலமும் அப்படித்தான். பூமி பக்கவாட்டில் நகரும்போது மேலே இருக்கும் பல நூறு டன் எடை அதே இடத்தில் இருக்கப் பார்க்கும். தூண் வளையும். அதிகமாக வளைவது அடியில், அஸ்திவாரத்தோடு சேரும் இடம். மேலே உத்திரத்தோடு ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தூணாக இருந்தால் தலைப்பகுதியிலும் அதே கஷ்டம்.

கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, அங்கேயே கான்கிரீட் போட்டால் அஸ்திவாரத்தின் கம்பி அப்படியே தூணுக்குள் ஏறிப் போகும். முன்கூட்டி வார்த்த தூணில் கம்பி அங்கே முடிந்துவிடுகிறது. அதாவது, அதிக பலம் தேவைப்படும் இடத்திலேயே மூட்டு வந்து விழுகிறது. பிரச்சினை முழுவதும் இதுதான். தூணைக் குறை சொல்லி லாபமில்லை.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். இன்று கியூம்ரி எனப்படும் லெனினாகான் நகரத்தில், தூணும் உத்திரமும் தனித்தனியாக வார்த்து இணைத்த ஒன்பது மாடி வீடுகள் ஏராளமாக விழுந்தன. அதே ஊரில் பெரிய சுவர்ப் பலகைகளை முன்கூட்டி வார்த்துக் கட்டிய வீடுகள் நின்றன. இரண்டுமே முன்வார்ப்புதான். இணைத்த விதம்தான் வேறு.

அடுத்த வருஷம், 1989 அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் ஓக்லாந்தில் சைப்ரஸ் என்ற இரண்டடுக்கு மேம்பாலத்தின் மேல்தளம் கீழ்த்தளத்தின் மீது விழுந்து 42 பேர் இறந்தார்கள். அது அங்கேயே வார்த்த பாலம். ஆனாலும் அதே கதைதான். கீழ்த்தூணோடு மேல்தூண் சேரும் இடத்தில் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி போதவில்லை. ஆகவே அங்கேயே வார்த்தால் தப்பு வராது என்றும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2001 குடியரசு நாளன்று கட்ச் நிலநடுக்கத்தில் சுரஜ்பாரி பாலம் விழவில்லை. ஆனால் மேல்தளம் பக்கவாட்டில் நகர்ந்தது, தூண்தலையில் அதைத் தாங்கும் பேரிங்குகள் சேதமாயின. கட்ச் மாவட்டத்துக்கு நிவாரண வண்டிகள் போக வேண்டிய முக்கிய வழி அது. மற்ற நாளில் பாலம் ஒரு சாலை, அன்றைக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்கு வழி.

இப்போது மூட்டை எப்படிப் போடுகிறார்கள்? மூன்று வழிகளைச் சொல்கிறேன். ஒன்று, அஸ்திவாரத்திலிருந்து நீட்டிய கம்பிகளைத் தூணுக்குள் இருக்கும் குழல்களில் நுழைத்து, கெட்டியான சிமெண்ட் சாந்தை அழுத்தி நிரப்புவது. இரண்டு, அஸ்திவாரத்தில் குழி விட்டு, பந்தக்கால் நடுவதுபோல் தூணை இறக்கிச் சுற்றிலும் நிரப்புவது. மூன்று, தூணின் நடுவே எஃகு வடம் விட்டு முறுக்கேற்றி இழுத்துக் கட்டுவது.

இந்த மூன்றாவது வழியில் ஓர் அழகு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தள்ளினால் சாயும், பிறகு தானே நிமிரும். நியூசிலாந்தில் 1981-இல் திறந்த சவுத் ரங்கிடிகேய் ரயில் பாலத்தின் உயரமான தூண்களும் அப்படித்தான். பூமி ஆடினால் ஒரு கால் கொஞ்சம் தூக்கும், பிறகு பாலத்தின் எடையே அதை இருப்பிடத்தில் உட்கார வைக்கும். முன்வார்ப்புத் தூணில் அந்த வேலைக்கு வடமும் துணை நிற்கிறது. ஆட்டத்தின் வேகத்தைத் தின்பதற்கென்று தனியாகக் கம்பிகளும் வைக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஐந்து மாடி முன்வார்ப்புக் கட்டட மாதிரி ஒன்றை இந்த வகை மூட்டுகளோடு கட்டி ஆட்டிப் பார்த்தார்கள். சேதம் மிகக் குறைவு. பலவீனம் என்று பயந்த இடத்தையே பலமாக்கிக் காட்டினார்கள்.

ஆகவே என் பதில்: நிற்கும், மூட்டை ஒழுங்காகப் போட்டால். வேலை சீக்கிரம் முடிகிறது, சாலையை அதிக நாள் அடைக்க வேண்டாம், தக்காளி லாரி சுற்றிப் போக வேண்டாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் குழலுக்குள் சாந்து முழுவதும் இறங்கியதா என்று வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. உள்ளே வெற்றிடம் இருந்தால் பல வருஷம் ஒன்றும் ஆகாது. பூமி ஆடும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் சாந்து நிரப்பும் நாளில் பக்கத்தில் நின்று பார்த்துப் பதிவு செய்யும் ஆள்தான் அந்தப் பாலத்துக்கு மிக முக்கியமான ஆள். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நீங்கள்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நில அதிர்வு பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். ஊரும் வருஷமும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

அன்புடன்.