ஈயக்குண்டின் கணக்கு

யாழ்ப்பாண வரலாற்றை எழுதியவர்கள் அரசர்களையும் கோட்டைகளையும் பற்றி நிறையவே எழுதினார்கள். கடற்றொழிலாளியின் கயிற்றில் தொங்கிய ஈயக்குண்டு அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதே என் வாதம். அதைச் சொல்லக் கடற்கரை இல்லாத கொடிகாமத்தையே தேர்ந்துகொள்கிறேன்.

கொடிகாமம் இரண்டு நீர்களுக்கு நடுவே அமைந்த சந்தை ஊர். தெற்கே கச்சாய், அங்கே ஆழம் குறைந்த யாழ்ப்பாணக் கடல்நீரேரி. சிறகுவலை கட்டும் அந்தத் தண்ணீரில் ஆழம் ஒரு பிரச்சினையே அல்ல. வடகிழக்கே, வடமராட்சி கிழக்குக்கு அப்பால் வங்கக் கடல். அறக்குளா, பாரை, சூரை போன்றவற்றுக்காக ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வது அப்படிப்பட்ட திறந்த கடலில்தான். ஆழம் அங்கேதான் கேள்வியாகிறது.

படகு ஓட ஓட, நீரின் எதிர்ப்பு தூண்டிலை மேலே தூக்கும். மீனோ கீழே நிற்கும். போலி இரையை மீன் நிற்கும் மட்டத்தில் ஓடவைக்கக் கயிற்றில் பாரம் கட்ட வேண்டும். 100 கிராம் சுண்ணக்கல் நீருக்குள் ஏறத்தாழ 60 கிராமாகிவிடும். 100 கிராம் ஈயமோ 91 கிராமாக நிற்கும். பருமனும் சிறிது, ஆகவே நீர் அதைத் தள்ளுவதும் குறைவு. ஈயத்தின் இந்த அருமையை மனிதன் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தான். மீனுக்கு மரணத்தைக் கொண்டு இறங்கும் தூண்டில் ஈயம் ஹோமரின் இலியட்டில் ஓர் உவமையாகவே வருகிறது.

இலங்கைக் கடற்றொழிலில் 1950களின் இறுதியில் இயந்திரங்கள் பரவத் தொடங்கின; நைலோன் தங்கூசியும் வந்தது. வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதே ஆழத்தில் இரையை நிறுத்த அதற்கேற்பப் பாரமும் ஏறவேண்டும். பாய்த்தோணிக்குப் பொருந்திய தகப்பனின் கணக்கு மகனுக்குப் பொருந்தாமல் போனது. தங்கூசி மெல்லியதாக இருந்ததால் எதிர்ப்புக் கொஞ்சம் குறைந்தது. புதிய கணக்கை ஒவ்வொருவரும் கைப்பழக்கத்தில்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. கடலுக்குப் போகவும் கட்டுப்பாடுகள் வந்தன. 1993 ஜனவரியில், கொடிகாமத்துக்குக் கிழக்கே கிளாலியில் கடல்நீரேரியைக் கடந்த மக்கள் கொல்லப்பட்டார்கள். இயந்திரம் ஓயும் காலத்தில் துடுப்பும் பாயுமே துணை. வேகம் குறைந்தால் பாரமும் குறைய வேண்டும் என்பது நீரின் நியதி. மகன் கைவிட்ட தகப்பனின் கணக்கு அப்போது மறுபடியும் தேவைப்படும். அது யாருடைய நினைவிலாவது மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கவலை இதுதான். இந்த அறிவு ஏட்டில் இல்லை, விரலில் இருக்கிறது. கயிறு எவ்வளவு சாய்ந்தால் இரை எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பதை விரல்தான் சொல்லும். இடம்பெயர்ந்து தலைமுறைக் கணக்கில் கடலைப் பிரிந்து வாழ்பவனின் பிள்ளைக்கு அந்த விரல் வாய்ப்பதில்லை. கோட்டை இடிந்தால் கல்லாவது மிஞ்சும். இது போனால் எதுவும் மிஞ்சாது. முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது வரலாற்று மாணவர்களின் கடமை.