இருநிலை எண் கூட்டல்

0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எழுதிய எண்களைக் கூட்டும் முறை. கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கினார். இன்றைய கணினிச் சில்லுகள் கூட்டுவது இப்படித்தான்.

மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். 0+0=0, 0+1=1, 1+1=10, 1+1+1=11. விடை இரண்டு இலக்கமானால் வலது இலக்கத்தை எழுதிவிட்டு, இடது 1-ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவே மிகுதி. 13-ஐயும் 11-ஐயும் கூட்டிப் பார்க்கலாம்:

1101
1011
———
11000

வலது ஓரத்தில் 1+1=10; 0 எழுதி, 1 மிகுதி. அடுத்து 0+1, மிகுதியோடு 10. மீண்டும் 0, மிகுதி 1. மூன்றாம் இடத்திலும் அதே கதை. நான்காம் இடத்தில் 1+1+1=11. விடை 11000, அதாவது 24.

இந்தக் கணக்கில் ஒவ்வோர் இடமும் தன் வலப்பக்கத்து மிகுதிக்குக் காத்திருந்ததைக் கவனிக்க வேண்டும். கூட்டலின் உண்மையான சிரமம் அங்கேதான் இருக்கிறது. சில்லில் ஓர் இடத்து இரு இலக்கங்களையும் (பிட்டுகளையும்) வந்த மிகுதியையும் சேர்க்கும் சுற்றுக்கு முழுக்கூட்டி என்று பெயர். 64 முழுக்கூட்டிகளை வரிசையாக இணைத்தால் கடைசி இடத்து விடை, முந்தைய 63 இடங்களையும் மிகுதி கடந்து வரும்வரை உறுதியாகாது. அதனால் மிகுதியை முன்கூட்டியே கணிக்கும் சுற்றுகள் வந்தன. இரு பிட்டும் 1 என்றால் அந்த இடம் மிகுதியைப் பிறப்பிக்கும். ஒன்று மட்டும் 1 என்றால் வந்த மிகுதியை அப்படியே கடத்தும். இவ்விரண்டையும் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். சக்கரங்களால் ஆன தம் பதின்ம இயந்திரத்துக்கே கணினி முன்னோடி பாபேஜ் இதே நோக்கில் ஒரு வழி கண்டிருந்தார்.

கடைசி இடத்தையும் தாண்டும் மிகுதியை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தரமணியை ஒட்டிய சென்னை ஐஐடியில், பேராசிரியர் வீ. காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுபவை. 2018-ல் அவற்றின் முதல் சில்லுகள் தயாராயின. மிகுதி வந்ததைக் குறித்துவைக்கும் தனிக் கொடி இத்தொகுப்பில் கிடையாது. 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 18,446,744,073,709,551,615. அதோடு 1 கூட்டினால் மிகுதி வெளியே விழுந்து விடை 0 ஆகிவிடும். குறியில்லா எண்களில், கூட்டுத்தொகை கூட்டிய எண்ணைவிடச் சிறியதா என்று ஒப்பிட்டாலே மிகுதி வந்தது தெரிந்துவிடும். வடிவமைப்பைச் சுருக்கும் அழகான முடிவு இது.

வெளியே விழும் மிகுதியால் நன்மையும் உண்டு. 8 பிட்டில் 5 என்பது 00000101. ஒவ்வொரு 0-ஐயும் 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும் மாற்றி, 1 கூட்டினால் −5: 11111011. இதை 9-உடன் (00001001) கூட்டி, எட்டு இடத்தைத் தாண்டும் 1-ஐ விட்டுவிட்டால் 00000100, அதாவது 4. ஆகவே கழித்தலுக்கும் அதே கூட்டியே போதும்.

மிதவைப் புள்ளி எண்களுக்கு முதலில் அடுக்குகளைச் சமமாக்கி, பிறகுதான் கூட்ட வேண்டும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணுக்களோடு நிறுவப்பட்டு, 2004-ல் உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெற்ற ‘கப்ரு’வின் வேகம் இத்தகைய கூட்டல், பெருக்கல்கள் நொடிக்கு எத்தனை என்றே அளக்கப்பட்டது.