காரண அனுமானமும் இணைநிலைக் கணிப்பும்

காரண அனுமானம் என்பது, ஒரு நிகழ்ச்சியோடு மற்றொன்று கூடி வருவதைக் கண்ட அளவில் நின்றுவிடாமல், எது எதனை விளைவிக்கின்றது என்று ஆராய்ந்து துணியும் முறை. இணைநிலைக் கணிப்பு என்பது, ஒரு பெருங்கணக்கைப் பகுதிகளாகப் பிரித்துப் பல செயலிகளைக் கொண்டு ஏககாலத்தில் செய்து முடிக்கும் முறை. முன்னது தத்துவத்தையும் பின்னது பொறியியலையும் சார்ந்தவை என்று தோன்றினாலும், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் 1980-களிலிருந்து இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே வளர்ந்துள்ளன. எது எதற்குக் காரணம் என்ற அமைப்பு தெளிவானால், எந்தக் கணக்கு எந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டும், எது காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் கூடவே தெளிவாகிவிடுவதே இவ்வுறவுக்கு அடிப்படை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் சொன்ன இடத்தில்தான் இந்தச் சாஸ்திரத்தின் முதற் சிக்கல் இருக்கிறது. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கணிக்கப் புள்ளியியல் சிறந்த கருவிகளைச் செய்துகொண்டதெனினும், காரணம் என்ற சொல்லையே அது நெடுங்காலம் ஐயத்தோடு ஒதுக்கி வைத்திருந்தது. அமெரிக்க விவசாய இலாகாவில் கினிப்பன்றிகளின் பிறவிக் குணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த சூவல் ரைட், 1921-ல் வெளியிட்ட கட்டுரையில், காரணத்திலிருந்து காரியத்துக்கு அம்புகள் இட்டுப் படம் வரைந்து, அப்படத்தைக் கொண்டே கணக்கிட வழி காட்டினார். அதற்கு உடனே கண்டனம் எழுந்தது. பல பத்தாண்டுகள் அம்முறை ஒரு மூலையிலேயே கிடந்தது.

கணிப்பொறிக்கு நிபுணரின் அறிவை ஊட்ட முயன்ற 1970-களில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வந்தது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் தொற்றுநோய்களை நிதானிக்கச் செய்யப்பட்ட மைசின் என்னும் நிரல், 'இன்னது காணின் இன்னது' என்ற விதிகளுக்கு உறுதி எண்களை இட்டுக் காரியம் பார்த்தது; அவ்வெண்களோ நிகழ்தகவின் விதிகளுக்கு முழுதும் கட்டுப்பட்டவையல்ல. நிகழ்தகவை ஒழுங்காகக் கையாள்வோம் என்றாலோ, ஆம் அல்லது இல்லை என்னும் 30 செய்திகளுக்கு எல்லாச் சேர்க்கைகளையும் அட்டவணையிட 107 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வேண்டியிருந்தன.

இந்த இக்கட்டை அவிழ்த்தவர் ஜூடியா பேர்ல். 1936-ல் டெல் அவீவில் பிறந்து, ஹைஃபாவின் டெக்னியனில் மின்பொறியியல் கற்று, அமெரிக்காவில் மீக்கடத்திகளைக் கொண்டு நினைவகம் செய்யும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1970-ல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா சர்வகலாசாலையில் சேர்ந்த இவர், மனிதர் எழுத்தைப் படிக்கும் விதத்தைப் பற்றி டேவிட் ரூமெல்ஹார்ட் என்னும் உளவியலறிஞர் 1976-ல் எழுதியதைக் கண்டு தூண்டப்பெற்றார். படிக்கும்போது எழுத்தை அறியும் பகுதி, சொல்லை அறியும் பகுதி, வாக்கியத்தின் பொருளை அறியும் பகுதி ஆகியவை தலைவன் ஒருவனின் கட்டளையின்றித் தத்தம் ஊகங்களை மேலும் கீழும் பரிமாறிக்கொள்கின்றன என்பது ரூமெல்ஹார்ட்டின் கருத்து. பரிமாறப்படும் செய்தி, புதிய சான்றுக்கேற்ப நம்பிக்கையைத் திருத்தும் பேயீஸ் தேற்றத்தின்படி அமைந்த நிகழ்தகவாக இருத்தல் வேண்டும் என்று கண்ட பேர்ல், 1982-ல் அதனை ஒரு கணிப்புமுறையாக வகுத்தளித்தார்.

அம்முறையில் ஒவ்வொரு மாறியும் ஒரு கணு. காரணத்திலிருந்து காரியத்துக்கு ஓர் அம்பு. காரணக்கணு தன் காரியங்களுக்கு எதிர்பார்ப்பைக் கீழே அனுப்புகிறது. காரியக்கணு தான் கண்ட சான்றை மேலே அனுப்புகிறது. ஒவ்வொரு கணுவும் தன் அண்டையாரிடமிருந்து வந்ததை மட்டுமே கொண்டு தன் நம்பிக்கையைத் திருத்திக்கொள்கிறது. வீட்டில் திருடர் புகுந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி நில அதிர்ச்சியாலும் ஒலிக்கக்கூடும் என்றும், மணி ஒலித்த செய்தி கேட்டுப் பதறிய வீட்டுக்காரர் வழியிலே வானொலியில் நில அதிர்ச்சி அறிவிப்பைக் கேட்கிறார் என்றும் கொள்வோம். அக்கணமே திருட்டைப் பற்றிய அச்சம் தணிகின்றதல்லவா? திருடனுக்கும் நில அதிர்ச்சிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் மணி என்னும் பொதுக் காரியத்தின் வழியாக ஒன்றின் சான்று மற்றொன்றின் மீதுள்ள ஐயத்தைக் குறைக்கிறது. இந்த நுட்பமான மனவியாபாரம் பேர்லின் வலையில் தானே நிகழ்கிறது. வலை கிளைவிட்ட மரம்போல் அமைந்து, கணுவுக்கொரு செயலி வாய்க்குமாயின், மரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை அம்புகளோ அத்தனை சுற்றுகளில் எல்லாக் கணுக்களும் சரியான விடையை அடைந்துவிடும். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கத் தனியே ஒரு மேற்பார்வையாளன் தேவையில்லை என்பதே, எமது கருத்தில், இந்த ஆராய்ச்சி முழுவதிலும் மிக அழகிய அம்சம்.

வலையில் அம்புகள் சுற்றி வளைந்து கூடுமிடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. ஒரே சான்று இரண்டு வழியாக வந்து இரண்டு சான்றுகள்போல் எண்ணப்பட்டுவிடும். கணுக்களைக் குழுக்களாகக் கட்டி அதை நிவர்த்திக்க லாவ்ரிட்சனும் ஸ்பீகல்ஹால்ட்டரும் 1988-ல் வழி கண்டனர். எல்லா வலைகளுக்கும் பொருந்தும் விரைவான துல்லிய முறையை எதிர்பார்ப்பதற்கில்லை என்று கிரகரி கூப்பர் 1990-ல் காட்டினார். ஆனால் தவறு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திகளைச் சுற்றவிட்டவர்கள் வியக்கத்தக்க பயனைக் கண்டார்கள். இரைச்சல் மிகுந்த செய்தி வழியில் பிழை திருத்துவதற்காக 1993-ல் வெளியான டர்போ குறியீடுகளை அவிழ்க்கும் முறை பேர்லின் முறையேயென்று 1998-ல் மெக்எலீஸ், மக்கே, செங் ஆகிய மூவர் எடுத்துக்காட்டினர். ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்து, அக்காலப் பொறிகளின் சக்தி போதாமையால் மறக்கப்பட்டிருந்த குறியீடுகளும் இவ்வகையினவே. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளுக்குத் தரவு வந்து சேர்வது கேலகரின் வம்சத்துக் குறியீடுகளிலேயே ஆகும்.

இவ்வளவும் சான்றைக் கொண்டு ஊகிப்பது மட்டுமே. காற்றழுத்தமானியின் முள் இறங்கினால் புயலை எதிர்பார்க்கலாம். முள்ளைக் கையால் இறக்கிவிட்டால் புயல் வருமா? காண்பதும் செய்வதும் வேறென்ற இந்த எளிய உண்மையைக் குறிக்க நிகழ்தகவுக் கணிதத்தில் ஒரு குறிகூட இல்லாதிருந்ததைக் கண்டு, 1990-களில் பேர்ல் 'செய்' என்னும் ஒரு குறியைப் புகுத்தினார். ஒரு மாறியை நாமே வலிந்து நிலைநிறுத்தினால், அதற்குள் வரும் அம்புகள் அறுந்துவிடுகின்றன. வெளியே செல்லும் அம்புகள் மட்டும் நிலைக்கின்றன. 1995-ல் வெளியான, இக்குறியைக் கையாளும் விதிகள், பரிசோதனை செய்யாமலே ஒரு செயலின் விளைவை எப்போது கணிக்கலாம் என்பதைச் சொல்லுகின்றன. புகைபிடித்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பு ஏதோ ஒரு பரம்பரைக் குணத்தால் வந்ததாயிருக்கலாம் என்று ரொனால்ட் ஃபிஷர் போன்ற புள்ளியியல் மேதையே வாதிட்ட காலத்தில் இந்த மொழி கைவசம் இல்லாதது பெரும் நஷ்டம். பேர்லுக்கு கணிப்பொறியியலுக்கான 2011-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு அளிக்கப்பட்டது.

இந்த அம்புப் படத்தை அறிஞர் வரைந்து கொடுக்காமல், தரவிலிருந்தே கண்டுபிடிக்கலாமா என்று ஆராய்ந்தவர்கள் கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் ஸ்பர்ட்டஸும் கிளைமோரும் அவர்தம் குழுவினரும். அம்புகள் சுழன்று தொடங்கிய இடத்துக்கே திரும்பாத படங்கள் 3 மாறிகளுக்கு 25, 5 மாறிகளுக்கு 29,281. 10 மாறிகளுக்கோ 4-ன் பின் 18 பூஜ்யங்கள் இட்ட எண்ணையும் கடக்கும். ஆகவே அவர்கள் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோடிட்டு இணைத்துவிட்டு, மற்றவற்றை நிலையாக வைத்துப் பார்க்கும்போது தொடர்பற்றுப் போகும் இணைகளின் கோடுகளை ஒவ்வொன்றாக நீக்கினர். சோதனைகள் ஒன்றுக்கொன்று தனித்தனி என்பதால் இது இணைநிலைக் கணிப்புக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் நீக்கிய கோடு அடுத்த சோதனையைப் பாதித்ததால், மாறிகளை எந்த வரிசையில் எடுத்தோமோ அதற்கேற்ப விடையும் மாறியது. ஒரு படி முடியும் வரை அண்டையாரின் பட்டியலை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் திருத்தத்தை 2014-ல் கொலம்போவும் மாத்தைஸும் அளித்த பிறகு, வரிசைச் சார்பும் ஒழிந்தது. ஒரு படியின் சோதனைகள் அனைத்தையும் வரைகலைச் செயலிகளின் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒரே சமயத்தில் ஓட்டவும் வழி திறந்தது.

எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் கடக்க இயலாத எல்லை ஒன்றும் உண்டு. முதலது இரண்டாவதையும் இரண்டாவது மூன்றாவதையும் விளைவிக்கும் சங்கிலி, அதன் நேர்மாறான சங்கிலி, நடுவிலுள்ளதே மற்ற இரண்டுக்கும் காரணமாகும் அமைப்பு ஆகிய மூன்றும், வெறுமே கண்டு சேர்த்த தரவில் ஒரே வகையான சார்பின்மையையே காட்டும். அங்கே அம்பின் திசையை அறியக் கையை நீட்டி ஒன்றை மாற்றித்தான் பார்க்கவேண்டும். கேரன் சாக்ஸும் உடன் ஆராய்ந்தோரும் 2005-ல் மனித டி-உயிரணுக்களில் 11 மூலக்கூறுகளை உயிரணு உயிரணுவாக அளந்தபோது, சிலவற்றை ரசாயனங்களால் தூண்டியும் தடுத்தும் அளந்தது இதற்காகவே. அவ்வாறு வரையப்பட்ட வலையில் எர்க் என்னும் புரதத்திலிருந்து ஆக்ட் என்னும் புரதத்துக்கு ஓர் அம்பு இருந்தது. அவர்கள் எர்க்கை உயிரணுவில் குறைத்துப் பார்த்தபோது ஆக்ட்டின் செயல்நிலையும் குறைந்தது.