நான்கு வீடுகள் ஒன்றான கதை

பழைய வீடொன்றைப் புதுக்க முற்படுவோருட் சிலர் அதனை அடியோடு இடித்துவிடுவர். வேறு சிலர் ஓர் ஓட்டையேனும் அசைக்கலாகாதெனக் காட்சிப்பொருளாக்கிவிடுவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றைக் கொழும்பு நகரின் ஒழுங்கையொன்றிலே காணலாம்.

பகத்தல வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகள் வரிசையாய் நின்றன. அவற்றுள் மூன்றாவதனை 1958ஆம் ஆண்டில் ஜெப்ரி பாவா வாங்கினார். வழக்கறிஞராயிருந்து, 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர் அவர். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சிறு அடுக்களை, பணியாளுக்கோர் அறை என அவ்வீட்டை அமைத்துக்கொண்டார். பின்னர் நான்காவது வீடு காலியாகவே, அது உணவுக்கூடமாகச் சேர்ந்தது. பத்தாண்டுகளின் பின் எஞ்சிய இரண்டும் அவர் கைக்கு வந்தன. முதல் வீட்டை இடித்து, அவ்விடத்தே நான்கு நிலைக் கட்டடமொன்றை எழுப்பினார்.

இவ்வாறு இடித்தும் கட்டியும் வளர்ந்த வீடு தன் இயல்பை இழக்கவில்லை. நீண்ட வெண்ணிற நடையும், ஆங்காங்கே கூரை திறந்து ஒளி இறங்கும் சிறு முற்றங்களும் பழைய அறைகளைப் புதியவற்றோடு பிணைக்கின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வாழ்ந்தோர்க்கு இந்த ஒளி புதியதன்று. நடுமுற்றத்தால் வெளிச்சமும் காற்றும் பெற்ற வீடு அது. அம்முற்றத்தை மூடி அறையாக்கினால் இடம் பெருகும். சூழவுள்ள அறைகள் யாவும் இருளும்.

பாவாவின் வீட்டு நடையிலே செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அந்நாட்டுப் பெருமனைகள் பல, பங்காளிகளிடையே பிரிந்து, பேணுவாரின்றிக் கலைக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைப்பட்டன. கடல் கடந்து வந்த தூண் அழகாய்த்தான் நிற்கிறது. ஆயினும் தூண் பிழைப்பது வேறு. வீடு பிழைப்பது வேறு. அத்தூணைச் சூழ்ந்திருந்த முற்றத்தையும் திண்ணையையும் எவரும் விலைக்கு வாங்கிவிட இயலாது.

பாவா 2003ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வீட்டை இன்று அறக்கட்டளையொன்று பேணிவருகிறது. பார்வையாளர் பலர் வந்து காண்கின்றனர்.

நேயர்களே, முன்னோர் கட்டிய மனையை விரிக்க எண்ணுவீராயின், பாவா செய்தவாறு முதலில் ஒரு பகுதியைத் திருத்தி, அதில் சில காலம் வாழ்ந்து பாருங்கள். காலை வெயில் எவ்வழி புகுகிறது, மழைநீர் எவ்வழி வடிகிறது, வீட்டார் எங்கே கூடியமர்கின்றனர் என்பவற்றை அறிந்தபின் அடுத்த சுவரில் கை வையுங்கள்.