மார்த்தாண்ட வர்மா

மார்த்தாண்ட வர்மா (1706–1758), வேணாடு என்ற சிற்றரசைத் திருவிதாங்கூர் என்னும் வலிய நாடாக்கிய அரசர். அரசுரிமை மகனுக்கன்றி மருமகனுக்குச் செல்லும் மருமக்கள் தாய முறைப்படி தாய்மாமன் ராம வர்மாவுக்குப் பின் 1729இல் பட்டத்துக்கு வந்தார். அப்போது அரியணைக்கு அதிகாரம் மிகக் குறைவு. பத்மநாபசுவாமி கோயில் சொத்துகள் கோயில் நிர்வாகக் குழுவான எட்டரை யோகத்தார் பிடியிலும், ஊர்ப்புற வரிவசூல் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் கையிலும் இருந்தன. ராம வர்மாவின் மகன்களான தம்பிமாரும் அரசுரிமை கேட்டனர். பிள்ளைமார் அவர்களுக்குத் துணை நின்றனர்.

உள்ளூர்ப் பிரபுக்களின் படையை நம்ப முடியாத நிலையில் அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மறவர் படையை வரவழைத்தார். தம்பிமார் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டு, அவர்களுடைய வீட்டுப் பெண்கள் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறும். புகழ்பாடும் நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

அடுத்த பகை டச்சுக் கம்பெனி. கொல்லம், காயங்குளம் பக்கம் அவர் நகர நகர, கம்பெனியின் மிளகுக் கொள்முதலுக்கு இடையூறு வந்தது. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அங்கே சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டி லெனாய், பின்னர் அரசரின் படைக்கே ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்து ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) ஆனார். அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையோடு டச்சுக்காரர்கள் உள்நாட்டு அரசியலிலிருந்து ஒதுங்கினர். மிளகு வணிகத்தை அரசே ஏற்றது. இந்தக் காலத்து நிர்வாகத்தின் பெரும்பகுதி தளவாய் இராமய்யனுடையது.

1750 ஜனவரியில் அரசர் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக (இறைவன் திருவடிப் படியில் வைக்கும் தானமாக) எழுதிவைத்தார். அதன்பின் அரசர்கள் ‘பத்மநாபதாசர்’ ஆயினர். இதில் பக்தி இருந்திருக்கலாம்; கணக்கும் இருந்தது. புதிதாய்ச் சேர்த்த நாடுகளில் யார் எதிர்த்தாலும் அது இனிச் சாமிக்கு எதிரான துரோகம். அதே ஆட்சியில்தான், கிறிஸ்தவராக மாறிய அரண்மனை ஊழியர் தேவசகாயம் பிள்ளை 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அரசருக்குப் பின் மருமகன் கார்த்திகைத் திருநாள் ராம வர்மா ஆண்டார். 1891இல் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல், இளவரசராக மார்த்தாண்ட வர்மா பட்ட ஆபத்துகளைக் கேரள வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அவர் காலத் தலைநகரான பத்மநாபபுரம் 1956இல் குமரி மாவட்டத்தோடு தமிழகத்துக்கு வந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குள்ள உரிமையை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது.