பற்றவைப்பு

அடுப்பைப் பற்றவைக்கிறோம்; இரும்பையும் பற்றவைக்கிறோம். 'பற்று' என்பதற்குத் தீப்பிடித்தல், ஒட்டிக்கொள்ளுதல் என இரு பொருளும் உண்டு. வெல்டிங்கில் இரண்டும் ஒரே நொடியில் நடக்கின்றன. தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லையூரான ஆனைகட்டியில் கேரளப் பக்கம் போனால், உலோகத்தை ஒட்டுவதற்கு மலையாளத்தில் 'விளக்குக' என்ற வினை இருக்கிறது.

தமிழின் பழைய சொல் பற்றாசு. நகையின் இரு துண்டுகளை ஒட்டப் பொற்கொல்லர் இடையில் உருக்கும் பொருள் அது, சுருக்கமாக ஆசு. இரு குறள் வெண்பாக்களை ஓரிரு அசை கொடுத்து இணைத்தால் அதற்கு 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று பெயர். யாப்பு பட்டறையிடம் வாங்கிய அழகான கடன்!

பற்றாசு வைக்கும்போது நகை உருகாது, இடைப்பொருள் மட்டுமே உருகும். பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' எனப்படும் டிக் வெல்டிங்கில் இரும்பே உருகிக் கலக்கிறது. 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் டங்ஸ்டன் முனையிலிருந்து பொறி பாய, ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிற்கும். ஆகவே இதற்குப் பற்றவைப்பு என்பதே பொருத்தமான சொல்.

டிக் வெல்டிங்கைப் புதிதாகக் கற்கிறீர்களா? எம்.எஸ். (மென் எஃகு) தகட்டின் கருந்தோலைப் பளபளக்கும்வரை கிரைண்டரில் தேயுங்கள். நேர்மின்னோட்டத்தில், டார்ச்சை எதிர்முனையில் இணையுங்கள். முதலில் நிரப்புக் கம்பியில்லாமல் உருகுகுட்டையை மட்டும் நகர்த்திப் பழகுங்கள். முனை குட்டையைத் தொட்டுவிட்டால் நிறுத்தி, மறுபடி தீட்டிய பிறகே தொடருங்கள்.